சென்னையிலிருந்து டொராண்டோ: தூரத்தையும் பயண நேரத்தையும் நீங்களே கணக்குப் போடுவது எப்படி?

சென்னையிலிருந்து டொராண்டோவுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று தேடிப் பாருங்கள். ஒரு தளம் 15 மணி நேரம் என்கிறது. டிக்கெட் விற்கும் தளம் 21 மணி நேரம் என்கிறது. அதற்குக் கீழேயே இன்னொரு டிக்கெட் 33 மணி நேரம் என்று நிற்கிறது, விலையும் குறைவு. தூரம் மட்டும் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். முதல்முறை கனடா கிளம்பும் மாணவர்களும், பேரக்குழந்தையைப் பார்க்கக் கிளம்பும் பெற்றோர்களும் இந்த இடத்தில்தான் குழம்புகிறார்கள்.

இந்த எண்களில் எதுவும் பொய்யில்லை. ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்விக்கான பதில், அவ்வளவுதான். தூரம் என்பது பூகோளம். நேரம் என்பதோ எந்த வழியாகப் போகிறோம், எதிரே எவ்வளவு காற்று வீசுகிறது, எந்த நாடு தன் வானத்தை யாருக்கு மூடி வைத்திருக்கிறது, நடுவில் எங்கே காத்திருக்கிறோம் என்பதையெல்லாம் பொறுத்தது. ஒரு கால்குலேட்டர் இருந்தால் இவை எல்லாவற்றையும் நாமே போட்டுப் பார்த்துவிடலாம்.

முதலில் தூரம்

உலகப் படத்தை விரித்து சென்னைக்கும் டொராண்டோவுக்கும் ஒரு கோடு போட்டால், அது அரபிக்கடல், ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் என்று மேற்கே போகும். தட்டையான படம் செய்யும் ஏமாற்று வேலை அது. பூமி உருண்டை. உருண்டையில் இரண்டு ஊர்களுக்கு நடுவே மிகக் குறுகிய வழி தெரிய வேண்டுமானால், பள்ளியில் இருக்கும் குளோபை எடுத்து, ஒரு நூலை இரண்டு ஊர்களிலும் வைத்து இழுத்துப் பிடியுங்கள். நூல் மேற்கே போகாது, வடக்கே ஏறும்.

அந்த நூலின் நீளத்தைக் கணக்கில் கண்டுபிடிக்க இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் வேண்டும். கூகுள் மேப்பில் விமான நிலையத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் அவை வந்துவிடும். சென்னை: வடக்கு 12.99, கிழக்கு 80.17. டொராண்டோ பியர்சன்: வடக்கு 43.68, மேற்கு 79.63. ஒன்று கிழக்கு, மற்றொன்று மேற்கு என்பதால் தீர்க்கரேகைகளைக் கூட்ட வேண்டும்: 159.80 டிகிரி. இரண்டும் ஒரே பக்கம் என்றால் கழிக்க வேண்டும்.

அப்புறம் போனைப் படுக்கவைத்து சயின்டிஃபிக் கால்குலேட்டரைத் திறந்து, டிகிரி முறையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ரேடியனில் இருந்தால் விடை தாறுமாறாக வரும். இரண்டு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்கினால் 0.1552. அவற்றின் காஸ் மதிப்புகளைப் பெருக்கி, அதோடு 159.80இன் காஸ் மதிப்பையும் பெருக்கினால் மைனஸ் 0.6614. இரண்டையும் கூட்டினால் மைனஸ் 0.5061. இதற்குத் தலைகீழ் காஸ் எடுத்தால் 120.4 டிகிரி. பூமியின் மேற்பரப்பில் ஒரு டிகிரி என்பது 111.2 கி.மீ. பெருக்குங்கள்: ஏறத்தாழ 13,390 கி.மீ.

கணக்கில் விருப்பமில்லாதவர்கள் கிரேட் சர்க்கிள் மேப்பர் என்ற தளத்தில் இரண்டு விமான நிலையங்களின் மூன்றெழுத்துக் குறியீட்டைக் கொடுத்தால் போதும். சென்னைக்கு எம்ஏஏ, டொராண்டோ பியர்சனுக்கு ஒய்ஒய்இஸட். ஊர்ப் பெயரைக் கொடுக்காமல் குறியீட்டையே கொடுங்கள். டொராண்டோவில் பில்லி பிஷப் என்று ஏரிக்கரைத் தீவில் இன்னொரு சின்ன விமான நிலையமும் உண்டு, அதற்கு வேறு குறியீடு. கொழும்பிலிருந்து கிளம்புபவர்களுக்கு சிஎம்பி. அங்கிருந்து டொராண்டோ சுமார் 14,000 கி.மீ.

வழியில் எந்த ஊர் வருகிறது?

சென்னையிலிருந்து டொராண்டோவுக்கு நேரடி விமானம் கிடையாது, எங்காவது மாறித்தான் ஆக வேண்டும். எங்கே மாறினால் எவ்வளவு சுற்று என்பதையும் அதே முறையில் போட்டுப் பார்க்கலாம்:

டெல்லி வழியாக: 1,760 + 11,640 = 13,400 கி.மீ.
ஃபிராங்க்ஃபர்ட் வழியாக: 7,590 + 6,340 = 13,930 கி.மீ.
லண்டன் ஹீத்ரோ வழியாக: 8,230 + 5,710 = 13,940 கி.மீ.
துபாய் வழியாக: 2,930 + 11,080 = 14,010 கி.மீ.

டெல்லியைக் கவனியுங்கள். நூல் போகும் பாதையிலிருந்து அது சுமார் 200 கி.மீ. விலகித்தான் இருக்கிறது, ஆனால் அங்கே இறங்கிப் போவதால் கூடும் தூரம் பத்து கி.மீ. சொச்சம்தான். நீண்ட பாதையில் பக்கவாட்டில் கொஞ்சம் விலகுவது மொத்த தூரத்தை அவ்வளவாக மாற்றாது. துபாய் வழி எவ்வளவோ சுற்று என்று பலரும் நினைக்கிறார்கள். கூடுவதோ 600 கி.மீ. சொச்சம், அதாவது விமானத்தில் முக்கால் மணி நேரம். அதனால் தூரத்தை வைத்து வழியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். சிங்கப்பூர் வழியாக விலை குறைவு என்று யாராவது சொன்னால் மட்டும் யோசியுங்கள். அது எதிர்த்திசை.

தூரத்தை மணி நேரமாக்குவது

பெரிய விமானங்கள் மேலே போனபின் மணிக்கு ஏறத்தாழ 900 கி.மீ. வேகத்தில் பறக்கும். 13,390ஐ 900ஆல் வகுத்தால் 15 வரும். முதலில் சொன்ன தளத்தின் 15 மணி நேரம் இப்படி வந்ததுதான். நடுவில் நிற்காமல், காற்றே இல்லாத வானில், நூல் பிடித்தாற்போலப் பறந்தால் ஆகும் நேரம் அது. அப்படி ஒரு விமானம் இந்த வழியில் இல்லை.

என் கைக்கணக்கு இது: மேற்கே போகும்போது தூரத்தை 800ஆல் வகுத்து அரை மணி நேரம் கூட்டுங்கள். கிழக்கே திரும்பும்போது 900ஆல் வகுத்து அரை மணி நேரம் கூட்டுங்கள். சென்னை – ஃபிராங்க்ஃபர்ட் 10 மணி நேரம், ஃபிராங்க்ஃபர்ட் – டொராண்டோ எட்டரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு, துபாய் – டொராண்டோ பதினாலரைக்குள், டெல்லி – டொராண்டோ 15 என்று வரும். டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் ஒத்துவரும். ஒத்துவரவில்லை என்றால் விமானம் எங்கோ சுற்றிப் போகிறது என்று பொருள். அதற்குப் பிறகு வருவோம்.

ஒரே தூரத்துக்கு ஏன் இரண்டு வேகம்? காற்றுதான் காரணம். முப்பதாயிரம் நாற்பதாயிரம் அடி உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் ஸ்ட்ரீம் எனும் காற்றோட்டம் ஓடுகிறது. குளிர்காலத்தில் அது மணிக்கு 200 கி.மீ.யைத் தாண்டும், சில நாள் 300ஐயும் தொடும். டொராண்டோ போகும்போது அது முகத்தில் அடிக்கிறது, திரும்பும்போது முதுகில் தள்ளுகிறது. அட்லாண்டிக்கைக் கடக்கும் பகுதியில் மட்டுமே போவதற்கும் வருவதற்கும் ஒரு மணி நேர வித்தியாசம் சாதாரணம். விமானிகள் எதிர்க்காற்றைத் தவிர்க்க வடக்கே ஏறியும் தெற்கே இறங்கியும் போவார்கள், அதனால் ஒரே விமானத்தின் பாதை நேற்று ஒரு மாதிரி, இன்று ஒரு மாதிரி இருக்கும்.

இன்னொன்று. டிக்கெட்டில் இருக்கும் நேரம் பறக்கும் நேரம் மட்டுமல்ல. வாசலை விட்டு விமானம் நகர்வது முதல், போய்ச் சேர்ந்த இடத்தில் வாசலில் நிற்பது வரை கணக்கு. விமான நிறுவனங்கள் இதில் கொஞ்சம் தாராளமாகவே நேரம் ஒதுக்கிவைப்பார்கள். இருபது நிமிடம் தாமதமாகக் கிளம்பியும் சரியான நேரத்துக்கு இறங்குவது அதனால்தான்.

மூடிய வானம்

இந்த வழியின் உண்மையான சிக்கல் இதுதான். பலருக்கும் டிக்கெட் எடுக்கும்போது இது தெரிவதில்லை.

நூல் போகும் வழியைக் குளோபில் விரலால் தொடருங்கள். சென்னையிலிருந்து வடமேற்காக ஏறி, பாகிஸ்தானின் வடபகுதி, தாஷ்கந்து, கஜகஸ்தான், யூரல் மலைகள் என்று ரஷ்யாவைக் கடந்து, ஆர்க்டிக்கின் ஓரமாக 73 டிகிரி வடக்கு வரை போய், கிரீன்லாந்தின் மேலாகக் கீழே இறங்கி வடக்கு கியூபெக் வழியாக டொராண்டோ. டெல்லியிலிருந்து போனாலும் இதே போன்ற பாதைதான்.

இப்போது இரண்டு செய்திகள். ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தபின், 2022 பிப்ரவரி இறுதியில் கனடாவும் ஐரோப்பிய நாடுகளும் ரஷ்ய விமானங்களுக்குத் தங்கள் வானத்தை மூடின, பதிலுக்கு ரஷ்யா அந்த நாடுகளின் விமானங்களுக்கு மூடியது. 2025 ஏப்ரல் 24ஆம் தேதி பாகிஸ்தான் இந்திய விமான நிறுவனங்களுக்குத் தன் வானத்தை மூடியது, இந்தியாவும் அப்படியே செய்தது. பிறகு அந்தத் தடை மாதம் மாதமாக நீட்டிக்கப்பட்டது.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கனடா விமானம் பாகிஸ்தான் மேலே போகலாம், ரஷ்யா மேலே போக முடியாது. இந்திய விமானம் ரஷ்யா மேலே போகலாம், பாகிஸ்தான் மேலே போக முடியாது. ஆளுக்கு ஒரு இடத்தில் நூல் அறுந்து கிடக்கிறது. அதனால் டெல்லி வழியாகப் போகும் 13,400 கி.மீ. வழி என்பது காகிதத்தில் மட்டும்தான் மிகக் குறுகியது. இந்திய நிறுவனங்கள் தெற்கே இறங்கி அரபிக்கடல் பக்கமாகச் சுற்ற வேண்டியிருந்தது. சுற்று கூடினால் எரிபொருள் கூடும், எரிபொருள் கூடினால் எடை கூடும். 2025இல் ஏர் இந்தியாவின் வட அமெரிக்க விமானங்களில் சில வியன்னாவில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போக நேர்ந்தது இதனால்தான்.

துபாய், அபுதாபி, தோஹா வழிகளுக்கு இந்த இரண்டு தடையும் இல்லை. ஆனால் வளைகுடாவுக்கு வேறு தலைவலி: 2025 ஜூனில் இரான் – இஸ்ரேல் மோதலின்போது பல நாடுகளின் வானம் மூடப்பட்டது, கத்தாரே சில மணி நேரம் மூடியது. எந்த வழியும் நிரந்தரமாகப் பத்திரம் என்று சொல்ல முடியாது.

ஆகவே செய்ய வேண்டியது: டிக்கெட் எடுக்கும் முன் விமான எண்ணைக் குறித்துக்கொண்டு, பிளைட்ரேடார்24 தளத்தில் அந்த எண்ணைப் போட்டுத் தேடுங்கள். கடந்த சில நாட்களாக அது எப்போது கிளம்பியது, எப்போது இறங்கியது, எந்த வழியாகப் போனது என்பதெல்லாம் இலவசமாகத் தெரியும். விளம்பரத்தில் உள்ள நேரத்தைவிட இதுதான் நம்பத் தகுந்தது. டிக்கெட்டில் ஒரு நிறுவனத்தின் எண் இருக்கும், ஓட்டுவது கூட்டாளி நிறுவனமாக இருக்கும். உண்மையில் யாருடைய விமானம் என்ற சின்ன எழுத்து வரியைப் படித்துவிட்டுத் தேடுங்கள். எந்த வானம் திறந்திருக்கிறது என்பது விமானத்தின் சொந்த நாட்டைப் பொறுத்தது.

டிக்கெட்டைப் படிப்பது

டிக்கெட்டில் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊரின் உள்ளூர் நேரம். ஒரு மாதிரி டிக்கெட்டை எடுத்துக்கொள்வோம்.

சென்னை கிளம்புவது ஜூலை 15, 01:50.
ஃபிராங்க்ஃபர்ட் சேர்வது 08:30, கிளம்புவது 13:20.
டொராண்டோ சேர்வது அதே ஜூலை 15, 15:45.

அதிகாலை கிளம்பி மதியம் போய்ச் சேர்ந்துவிட்டோம், பதினான்கு மணி நேரம்தான் என்று தோன்றும். எல்லாவற்றையும் உலகப் பொது நேரமான யூடிசிக்கு மாற்றுங்கள். இந்தியா, இலங்கை இரண்டும் ஐந்தரை மணி நேரம் முன்னே. கோடையில் ஜெர்மனி இரண்டு மணி நேரம் முன்னே, டொராண்டோ நான்கு மணி நேரம் பின்னே. ஆக, சென்னை கிளம்புவது ஜூலை 14, 20:20. ஃபிராங்க்ஃபர்ட் சேர்வது 15ஆம் தேதி 06:30, கிளம்புவது 11:20. டொராண்டோ சேர்வது 19:45. முதல் விமானம் 10 மணி 10 நிமிடம், காத்திருப்பு 4 மணி 50 நிமிடம், இரண்டாம் விமானம் 8 மணி 25 நிமிடம். மொத்தம் 23 மணி 25 நிமிடம்.

குறுக்குவழியும் உண்டு. போகும்போது கடிகாரம் காட்டும் வித்தியாசத்தோடு கோடையில் ஒன்பதரை மணி நேரமும், குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும் கூட்டுங்கள். வரும்போது அதையே கழியுங்கள். டொராண்டோவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை கோடை நேரம். ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை. நடுவில் கிடைக்கும் அந்தச் சில வாரங்களில் பயணம் என்றால் யூடிசி கணக்கையே நம்புங்கள், மனக்கணக்கு வேண்டாம். துபாயில் இந்த வம்பே இல்லை, ஆண்டு முழுவதும் யூடிசிக்கு நான்கு மணி நேரம் முன்னே.

காத்திருப்பு எவ்வளவு இருக்கலாம்?

மொத்த நேரத்தில் உங்கள் கையில் இருப்பது இது ஒன்றுதான். இரண்டு டிக்கெட்டுகளின் விலை வித்தியாசம் பெரும்பாலும் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. 33 மணி நேர டிக்கெட்டைத் திறந்து பாருங்கள், எங்கோ பதின்மூன்று மணி நேரம் நாற்காலியில் உட்கார வைத்திருப்பார்கள்.

முதல்முறை போகிறவர்களுக்கு மூன்று மணி நேரத்திலிருந்து ஐந்து மணி நேரம் வரை சரி. ஒன்றரை மணி நேரத்துக்குக் குறைந்த டிரான்சிட்டை விற்பார்கள், விதிப்படி அது செல்லும். ஆனால் முதல் விமானம் அரை மணி நேரம் தாமதமானால் நீங்கள் ஓட வேண்டியிருக்கும், உங்களோடு உங்கள் பெட்டி ஓடாது. வயதான பெற்றோர் வீல்சேர் கேட்டிருந்தால் நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் பாருங்கள்.

சென்னை முதல் டொராண்டோ வரை ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில், இருப்பது முக்கியம். அப்படி இருந்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டாலும் அடுத்த விமானத்தில் ஏற்றுவது நிறுவனத்தின் பொறுப்பு. சென்னை – டெல்லி தனியாக, டெல்லி – டொராண்டோ தனியாக எடுத்து இரண்டாயிரம் ரூபாய் மிச்சம் பிடித்தால், டெல்லியில் மூடுபனி இறங்கும் ஜனவரி இரவில் முழு டிக்கெட் பணமும் போகலாம்.

திரும்பி வரும்போது டெல்லி வழி என்றால் இன்னும் கூடுதல் நேரம் வேண்டும். பொதுவாக, இந்தியாவில் முதலில் இறங்கும் ஊரிலேயே குடியேற்றச் சோதனை முடித்து, பெட்டியை எடுத்து, சுங்கம் கடந்து, மறுபடி பெட்டியைக் கொடுக்க வேண்டும். ஃபிராங்க்ஃபர்ட், துபாய் வழியாக வந்தால் அதெல்லாம் சென்னையிலேயே நடக்கும்.

டிரான்சிட் விசா விஷயத்தைக் காதில் விழுந்த பேச்சை நம்பி விட்டுவிடாதீர்கள். இந்தியக் கடவுச்சீட்டுக்கு ஒரு விதி, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு ஒரு விதி, கனடா விசா கையில் இருந்தால் வேறு விதி. டிக்கெட்டுக்குப் பணம் கட்டும் முன், மாறும் நாட்டின் தூதரகத் தளத்தைப் பாருங்கள்.

வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை

மேலே போட்ட 23 மணி 25 நிமிடத்தோடு பயணம் முடிவதில்லை. சென்னையில் பன்னாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் போக வேண்டும். அதற்கு முன் தாம்பரமோ அண்ணா நகரோ, சாலையில் ஒரு மணி நேரம். மெட்ரோ விமான நிலையம் வரை போகிறது, ஆனால் நள்ளிரவு தாண்டிக் கிளம்பும் விமானத்துக்கு இரவு பத்து மணிக்குள் மெட்ரோ ஏறிவிடுவது நல்லது. திருச்சி, மதுரைக்காரர்கள் தங்கள் பேருந்து நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டொராண்டோவில் இறங்கியதும் வெளியே வர ஒரு மணி நேரம் வையுங்கள். படிக்கப் போகும் மாணவர்கள் ஸ்டடி பெர்மிட்டை விமான நிலையத்தில்தான் அச்சிட்டு வாங்க வேண்டும், அதற்குத் தனி வரிசை. ஆகஸ்ட் கடைசியில் அந்த வரிசையே இரண்டு மணி நேரத்தைத் தின்றுவிடும். அழைக்க வரும் உறவினரிடம் விமானம் இறங்கும் நேரத்தை மட்டும் சொல்லாமல், முதல் டெர்மினலா மூன்றாம் டெர்மினலா என்பதையும் சொல்லுங்கள். பியர்சனில் இரண்டாம் டெர்மினல் இப்போது இல்லை. இரண்டுக்கும் நடுவே இலவச ரயில் ஓடுகிறது. யாரும் அழைக்க வரவில்லை என்றால், முதல் டெர்மினலிலிருந்து யூபி எக்ஸ்பிரஸ் ரயில் 25 நிமிடத்தில் நகரின் நடுவில் உள்ள யூனியன் ஸ்டேஷனில் விட்டுவிடும். ஸ்கார்பரோ பக்கம் போகிறவர்களுக்கு அங்கிருந்து இன்னும் தூரம் இருக்கிறது, பெரிய பெட்டிகளோடு என்றால் டாக்சியே மேல்.

ஆக, வாசலுக்கு வாசல் 29, 30 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போய்ச் சேர்ந்த அன்றே வாடகை வீட்டுக்காரரைப் பார்ப்பது, கல்லூரியில் பதிவு செய்வது என்று எதையும் வைக்காதீர்கள். உடம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் புது ஊர் நேரத்துக்கு நகரும்.

திரும்பும் டிக்கெட்டில் தேதியைத் தனியாகப் பாருங்கள். ஆகஸ்ட் 15 மாலை 18:00க்கு டொராண்டோவில் கிளம்பினால், சென்னை சேர்வது ஆகஸ்ட் 17, 00:15 என்று இருக்கும். கடிகாரப்படி 30 மணி 15 நிமிடம், ஒன்பதரையைக் கழித்தால் 20 மணி 45 நிமிடப் பயணம். இதில் 17ஆம் தேதி 00:15 என்பது நம் வீட்டுப் பேச்சில் 16ஆம் தேதி ராத்திரி. அப்பா 17ஆம் தேதி ராத்திரி காரை எடுத்துக்கொண்டு மீனம்பாக்கம் வந்தால் பிள்ளை அதற்கு முந்தைய இரவே வந்து நின்றிருக்கும். வாட்ஸப்பில் அனுப்பும்போது "16ஆம் தேதி சனிக்கிழமை ராத்திரி பன்னிரண்டேகால்" என்று கிழமையோடு எழுதி அனுப்புங்கள். கிழமையை அந்த ஆண்டின் காலண்டரைப் பார்த்துப் போடுங்கள்.